குருதியில் மிகும் கல்சியம், குறையும் எலும்பு

களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மா ஒருவர், நீண்ட நாட்களாகத் தீராதிருந்த உடற்சோர்வுக்காகக் குருதிப் பரிசோதனை செய்துகொண்டபோது, அறிக்கையில் கல்சியத்துக்கு எதிரே 11.4 என்ற எண்ணும் அதன் பக்கத்தில் மேல்நோக்கிய சிறு அம்புக்குறியும் இருந்தன. வைத்தியரைக் காணும் முன்னரே அவர் தீர்ப்பை எழுதிவிட்டார். “ரத்தத்தில கல்சியம் கூடிப்போச்சாம் மகன், இனி இந்த வீட்டுக்குத் தயிர்ச்சட்டி வரப்படாது” என்று சொல்லி, சிறுவயது முதல் சோற்றின் முடிவில் விட்டுப் பிசைந்துவந்த எருமைத் தயிரையும் நெத்தலிக் கருவாட்டையும் முருங்கையிலையையும் ஒரே நாளில் விலக்கினார். சீனி கூடினால் சீனியை நிறுத்து, கொழுப்பு கூடினால் எண்ணெயைக் குறை என்று நீரிழிவும் இதயநோயும் நம் வீடுகளுக்குக் கற்றுத்தந்த கணக்கு அது. கல்சியத்தில் அந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது.

அவரிடம் மூன்று கிளினிக் கொப்பிகள் இருந்தன. ஒன்றில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிறுநீரகக் கல்லுக்குப் பெற்ற சிகிச்சை. இன்னொன்றில் வாசற்படியில் சறுக்கிக் கையை ஊன்றி விழுந்தபோது முறிந்த மணிக்கட்டு. மூன்றாவது, உயர் குருதியழுத்தத்துக்கு மாதந்தோறும் மருந்தெடுக்கும் கொப்பி. மூன்றையும் ஒரே மேசையில் விரித்துவைத்துப் பார்க்க யாருக்கும் வாய்த்திருக்கவில்லை. கல்லும் முறிவும் சோர்வும் ஒரே நோயின் வேலையாக இருக்கலாம் என்ற ஐயம் அந்த 11.4க்குப் பிறகுதான் எழுந்தது.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கல்சியம் இருக்கிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் உறைந்திருக்க, குருதியிலும் உயிரணுக்களுக்கு வெளியே உள்ள திரவங்களிலும் கரைந்திருப்பது ஏறத்தாழ ஒரு கிராம் மட்டுமே. ஆய்வுகூடம் அளப்பது அந்த ஒரு கிராமின் செறிவைத்தான். உன்னிச்சைக் குளத்தையும் அதிலிருந்து வயலுக்கு ஓடும் வாய்க்காலையும் நினைத்துக்கொண்டால் விடயம் எளிதில் பிடிபடும். எலும்பு குளம், குருதி வாய்க்கால். வாய்க்காலில் நீர்மட்டம் ஏறியிருப்பதைக் கண்டு குளம் நிறைந்துவிட்டது என்று யாரும் முடிவுகட்டுவதில்லை. துருசை யாரோ அளவுக்கு மீறித் திறந்துவிட்டிருந்தால், வாய்க்கால் கரைபுரண்டு ஓடும் அதே நாட்களில் குளம் வற்றிக்கொண்டிருக்கும்.

குளத்தைத் திறந்து மூடும் பொறுப்பு நம் பகுதியில் வட்டவிதானையிடம் இருப்பதைப் போல, உடலில் அந்தப் பொறுப்பு பராதைரொயிட் சுரப்பிகளிடம் இருக்கிறது. கழுத்தின் முன்புறத்தில் உள்ள தைரொயிட் சுரப்பியின் பின்பக்கத்தில், பெரும்பாலானோருக்கு நான்காக, ஒவ்வொன்றும் ஓர் அரிசி அளவில், 30 முதல் 50 மில்லிகிராம் நிறையுடன் இவை ஒட்டியிருக்கின்றன. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் தைரொயிட் நோயோடு இவற்றைக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். இரண்டுக்கும் அயலவர் என்ற உறவைத் தவிர வேறு உறவில்லை. தைரொயிட் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதால் பராதைரொயிட்டும் சரியாக இருக்கிறது என்று பொருளாகாது. மருத்துவ வரலாற்றிலும் இவை வெகு தாமதமாகத்தான் கண்ணில் பட்டன. இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்ட் ஓவன் 1850 அளவில் இவற்றைக் குறித்துவைத்தார். மனித உடலில் இவற்றைத் தனி உறுப்புகளாக இனங்கண்டு பெயரிட்டவர், சுவீடனின் உப்சாலாவில் மருத்துவ மாணவராக இருந்த ஐவார் சான்ட்ஸ்ட்ரோம், ஆண்டு 1880. அரிசி அளவான உறுப்பைக் காண முதலில் ஒரு காண்டாமிருகம் தேவைப்பட்டிருக்கிறது.

இந்தச் சுரப்பியின் உயிரணுக்களின் மேற்பரப்பில் குருதிக் கல்சியத்தை உணரும் ஏற்பி ஒன்று இருக்கிறது. கல்சியம் சிறிதளவு தாழ்ந்தாலும் சில நொடிகளில் 84 அமினோ அமிலங்களாலான பராதைரொயிட் ஓமோன் வெளியே விடப்படுகிறது; கல்சியம் ஏறினால் சுரப்பு அடங்குகிறது. வெளிவந்த ஓமோன் குருதியில் சில நிமிடங்களே நிலைக்கிறது என்பதால், கட்டளை நொடிக்கு நொடி புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டளை எலும்பைக் கரைத்துக் கல்சியத்தை வெளியே விடச் சொல்கிறது. சிறுநீரகத்தில் அது கல்சியத்தைச் சிறுநீரோடு போகவிடாமல் மீட்கவும் பொசுபேற்றை வெளியேற்றவும் செய்கிறது. அத்தோடு விற்றமின் டியை அதன் செயல்படும் வடிவத்துக்கு மாற்றி, குடல் உணவிலிருந்து கூடுதலான கல்சியத்தை உறிஞ்ச வழிசெய்கிறது.

இனி அந்த 11.4க்கு வருவோம். குருதிக் கல்சியத்தின் வழமையான எல்லை ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் சற்று மாறினாலும், ஏறத்தாழ டெசிலீற்றருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை எனலாம். சில அறிக்கைகள் மில்லிமோல் அலகில் வருகின்றன. அதில் எல்லை 2.1 முதல் 2.6 வரை. ஓர் அறிக்கையில் 11.4 என்றும் அடுத்ததில் 2.85 என்றும் கண்டு, கல்சியம் சட்டென்று இறங்கிவிட்டது என மகிழ்ந்தவர்களை நான் அறிவேன். அலகுதான் வேறு, அளவு ஒன்றே. மேலும், குருதிக் கல்சியத்தில் ஏறத்தாழப் பாதி அல்புமின் முதலிய புரதங்களோடு பிணைந்து கிடப்பதால், அல்புமின் குறைந்தவரிடம் மொத்தக் கல்சியம் பார்வைக்குத் தாழ்ந்து தோன்றும். அதனால் அல்புமின் டெசிலீற்றருக்கு 4 கிராமுக்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.8 மில்லிகிராம் கல்சியத்தைக் கூட்டிக் கணக்கிடுவது வழக்கம்.

குருதி எடுக்கும் இடத்திலும் பிழை நேரும். நரம்பு கிடைக்கவில்லை என்று கையை நெடுநேரம் இறுக்கிக் கட்டிவைத்தால் கல்சியம் பொய்யாக ஏறும். முழுக் குருதிக் கணக்குக்கான ஊதா மூடிக் குழாயில் இருக்கும் இரசாயனம் கல்சியத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அதிலிருந்து சில துளிகள் மற்றக் குழாயில் கலந்தாலும் கல்சியம் பொய்யாக இறங்கும். ஒரே ஒரு எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் போகாமல், மீண்டும் ஒருமுறை, கட்டு இறுக்காமல், அல்புமினோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று வைத்தியர்கள் சொல்வது இதனால்தான்.

பெரியம்மாவுக்கு இரண்டாம் முறையும் 11.3 வந்தது. அப்போதுதான் பராதைரொயிட் ஓமோனை அளந்தார்கள். வந்த எண் 58. அறிக்கையில் அச்சிட்டிருந்த எல்லை 15 முதல் 65 வரை. அம்புக்குறி இல்லை. “இது சரியாத்தானே இருக்கு” என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

இந்த நோயின் நுட்பம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். வாய்க்கால் கரைபுரளும்போது ஒழுங்கான வட்டவிதானை துருசை அடைத்துவிட்டிருக்க வேண்டும். கல்சியம் 11க்கு மேலே நிற்கும்போது நல்ல பராதைரொயிட் சுரப்பி ஏறத்தாழ முழுவதும் அடங்கிப்போய், ஓமோனின் அளவு எல்லையின் அடியிலோ அதற்கும் கீழோ கிடக்க வேண்டும். அந்த வேளையில் 58 என்பது, எல்லைக்குள் இருந்தாலும், இருக்கக்கூடாத எண். எல்லை என்று அச்சிடப்படுவது, கல்சியம் சரியாக உள்ளவர்களிடம் அந்த ஓமோன் எவ்வளவு இருக்கும் என்பதைத்தான் சொல்கிறது. ஆகவே இந்த இரண்டு எண்களையும் ஒரே நாளில் எடுத்த குருதியில், ஒன்றின் வெளிச்சத்தில் மற்றொன்றை வைத்துப் படித்தாலன்றி உண்மை தெரியாது.

கல்சியம் கூடியிருக்க ஓமோனும் அடங்காமல் இருக்கும் இந்நிலையை முதன்மை மிகைப் பராதைரொயிட் நோய் என்கிறார்கள். நூற்றுக்கு எண்பது முதல் எண்பத்தைந்து பேரில் காரணம், நான்கு சுரப்பிகளுள் ஒன்றில் மட்டும் வளர்ந்த புற்றல்லாத சிறு கட்டி. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பிகள் பருத்திருக்கும். புற்றுநோய் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாகவும், மாதவிடாய் நின்ற பின்னரே பெரிதும் வருவதால், மூட்டுவலி, அலுப்பு, மலச்சிக்கல், மனச்சோர்வு, மறதி என்று இது காட்டும் அறிகுறிகள் யாவும் “வயசு போகுதுதானே” என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் அடங்கிப்போகின்றன. கூடிய கல்சியம் சிறுநீரகத்தின் நீர் மீட்கும் திறனைக் கெடுப்பதால் அடிக்கடி சிறுநீர் போவதும் தாகமும் சேரும். அதை நீரிழிவென்று எண்ணிச் சீனி பார்த்து, சீனி சரி என்று விட்டுவிடுபவர்களும் உண்டு.

எலும்பில் நடப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எலும்பு இரண்டு வகையாக அமைந்தது. வெளிப்புறம் கெட்டியான ஓடு. உட்புறம் வலைபோன்ற மென்பகுதி. மாதவிடாய்க்குப் பின் வரும் வழமையான எலும்புத் தேய்வு பெரும்பாலும் உட்புற வலையை, குறிப்பாக முள்ளந்தண்டை, முதலில் அரிக்கிறது. பராதைரொயிட் ஓமோன் இடைவிடாமல் மிகுந்திருக்கும்போது அரிபடுவது பெரிதும் வெளி ஓடு; அந்த ஓடு மிகுந்திருக்கும் இடம் முன்கை. ஆதலால் இந்நோயில் எலும்பின் அடர்த்தியை அளக்கும்போது முள்ளந்தண்டையும் இடுப்பையும் மட்டும் அளந்தால் போதாது. மணிக்கட்டுக்கு மேலே, முன்கையின் கீழ் மூன்றிலொரு பங்கையும் அளக்க வேண்டும். பெரியம்மாவின் மணிக்கட்டு முறிந்ததற்கு வாசற்படியின் ஈரம் மட்டும் காரணமன்று.

இன்னொரு புதிர் உண்டு. எலும்பைக் கரைக்கும் இதே ஓமோனின் முதல் 34 அமினோ அமிலங்களைக் கொண்ட துண்டை நாளுக்கு ஒருமுறை ஊசியாகப் போட்டால், அது எலும்பைக் கட்டுகிறது. டெரிபராடைட் என்ற பெயரில் கடுமையான எலும்புத் தேய்வுக்குத் தரப்படும் மருந்து இது. நாளில் சிறிது நேரம் மட்டும் வந்துபோகும் கட்டளை கட்டுமான உயிரணுக்களை எழுப்புகிறது. ஓயாமல் ஒலிக்கும் கட்டளை கரைக்கும் உயிரணுக்களை ஏவுகிறது.

பெரியம்மா போட்ட தலைகீழ்க் கணக்கை அவருக்கு முன்னரே பெரிய வைத்தியர்களும் போட்டிருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், எலும்பு நோயாளிகளிடம் பராதைரொயிட் பருத்திருப்பதைக் கண்டவர்கள், நலிந்த எலும்பைக் காக்கத்தான் சுரப்பி பருத்து உழைக்கிறது என்று நம்பினார்கள். வியன்னாவில் ஃபீலிக்ஸ் மான்டல் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், தொடையெலும்பு முறிந்து கிடந்த அல்பேர்ட் என்ற டிராம் வண்டி நடத்துநருக்கு, அந்த நம்பிக்கையின்படி பராதைரொயிட் சாற்றையும் பின்பு வேறொருவரின் பராதைரொயிட் இழையத்தையும் கொடுத்துப் பார்த்தார். பயனில்லை. இறுதியில் 1925இல் கழுத்தைத் திறந்து, பருத்திருந்த கட்டியை அகற்றினார். எலும்பு தேறத் தொடங்கியது. சில ஆண்டுகளின் பின் நோய் திரும்பியது என்றாலும், கூட்டுவதல்ல, அகற்றுவதே வழி என்பது அந்த ஒரு மனிதரில்தான் தெளிவாயிற்று. அதே காலத்தில் அமெரிக்கக் கப்பல் கப்டன் சார்ல்ஸ் மார்ட்டெல் என்பவர், எலும்பு மெலிந்து ஏழு அங்குல உயரத்தை இழந்து, ஆறு முறை கத்திக்கு உட்பட்டும் பயனின்றி, 1932இல் ஏழாம் முறை நெஞ்சுக்குள் ஒளிந்திருந்த கட்டி கண்டுபிடிக்கப்பட்ட பின் சில கிழமைகளில் இறந்தார். சுரப்பி எப்போதும் கழுத்தில்தான் இருக்கும் என்பதில்லை; கருவில் உருவாகி இடம்பெயரும் வழியில் அது நெஞ்சு வரையிலும் இறங்கிவிடலாம்.

கல்சியம் கூடியிருக்க ஓமோன் அடங்கிக் கிடந்தால், கதை வேறு. அப்போது வட்டவிதானை குற்றமற்றவர். வேறு யாரோ கரையை வெட்டிவிட்டிருக்கிறார்கள். வைத்தியசாலை விடுதிகளில் காணப்படும் உயர் கல்சியத்துக்குப் புற்றுநோயே முதல் காரணம். சில புற்றுக்கட்டிகள் பராதைரொயிட் ஓமோனைப் போல நடிக்கும் புரதமொன்றைச் சுரக்கின்றன. மைலோமா என்ற குருதிப் புற்று போன்றவை எலும்பை நேரடியாகவே அரிக்கின்றன. காசநோயில் உண்டாகும் கணுக்கள் விற்றமின் டியைத் தம்போக்கில் செயல்வடிவாக்குவதாலும் கல்சியம் ஏறும். வைத்தியர் சொல்லாமல் மாதக்கணக்கில் விழுங்கும் உயர் அளவு விற்றமின் டி குளிசைகளும் இந்த வரிசையில்தான் வருகின்றன. குருதியழுத்தத்துக்குத் தரப்படும் தயசைட் வகைக் குளிசை சிறுநீரில் போகவேண்டிய கல்சியத்தைத் தடுத்து வைக்கும். பெரியம்மாவின் மூன்றாவது கொப்பியிலும் அந்த மருந்து இருந்தது. அதை மாற்றிப் பார்த்த பின்னரும் கல்சியம் இறங்காததால்தான் நோய் உறுதியாயிற்று.

வெற்றிலைத் தட்டத்தையும் விட்டுவிட முடியாது. குடற்புண்ணுக்குப் பாலையும் காரப்பொருளையும் மணிக்கணக்குப்படி கொடுக்கும் முறையை 1915இல் பரப்பிய சிகாகோ வைத்தியரின் பெயர் சிப்பி. அந்த முறையால் சிலருக்குக் கல்சியம் ஏறிச் சிறுநீரகம் பழுதானது பின்னர் தெரியவந்தது. பல பத்தாண்டுகள் கழித்து, சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்போடு பாக்கு மெல்லும் தாய்வான் நோயாளி ஒருவரிடம் அதே கோளாறு பதிவானது. பெயர்ப் பொருத்தம் தற்செயல், காரணம் ஒன்றே. நாளுக்கு ஓரிரு வாய் வெற்றிலை போடுபவருக்கு இதனால் கல்சியம் ஏறாது. நாள் முழுவதும் சுண்ணாம்பு கூட்டி மென்று சாற்றையும் விழுங்குபவரிடம் வைத்தியர் இதைக் கேட்க வேண்டும். நோயாளியும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கிணற்றுத் தண்ணீரைப் பற்றிய பயம் இந்தக் கணக்கில் சேராது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பைக் காட்டி, இதுதான் குருதியில் ஏறுகிறது என்று சொல்வார்கள். ஒரு லீற்றரில் 100 மில்லிகிராம் கல்சியம் இருக்கும் கடின நீரை நாளுக்கு இரண்டு லீற்றர் குடித்தாலும் உள்ளே போவது 200 மில்லிகிராம்தான். ஐம்பது கடந்த பெண்ணின் ஒரு நாள் தேவை 1200. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் 300 மில்லிகிராம் கல்சியம் லக்டேட் குளிசையில் உண்மையான கல்சியம் 39 மில்லிகிராம் மட்டுமே. நலமான உடல் இவ்வளவையும் எளிதாகச் சமாளிக்கும்.

கல்சியம் கூடாமலே, சில வேளை குறைந்தும் இருக்கையில், ஓமோன் மட்டும் பலமடங்கு ஏறியிருப்பது மூன்றாவது நிலை. விற்றமின் டி குறைபாட்டிலும் நாட்பட்ட சிறுநீரக நோயிலும் இது நேர்கிறது. பழுதான சிறுநீரகம் பொசுபேற்றை வெளியேற்றவும் விற்றமின் டியைச் செயல்வடிவாக்கவும் முடியாமல் தவிக்க, சுரப்பி இரவு பகலாக உழைத்துப் பருக்கிறது, எலும்பு மெலிகிறது. காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியுள்ள தெஹியத்தகண்டிய அம்பாறை மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதால், இது நமக்குத் தொலைவான விடயமன்று. அங்குள்ள ஒரு நோயாளியின் எலும்பு வலியும் பெரியம்மாவின் எலும்பு வலியும் ஒரே ஓமோனால் வந்தாலும், சிகிச்சை வெவ்வேறு. ஒருவருக்குச் சுரப்பியே நோய். மற்றவருக்குச் சுரப்பி, நோய்க்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

முதன்மை நோய் என்று உறுதியாவதற்கு முன் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கல்சியம் பார்ப்பார்கள். பரம்பரையாக வரும், பெரும்பாலும் தீங்கற்ற நிலையொன்றில் குருதிக் கல்சியம் கூடியும் சிறுநீர்க் கல்சியம் மிகக் குறைந்தும் இருக்கும்; அவர்களுக்குக் கழுத்தை அறுப்பது வீண். மற்றவர்களில், கல்சியம் மேல் எல்லையைவிட ஒரு மில்லிகிராமுக்கு மேல் கூடியவர்கள், ஐம்பது வயதுக்குக் குறைந்தவர்கள், எலும்புத் தேய்வோ முள்ளந்தண்டு முறிவோ சிறுநீரகக் கல்லோ உள்ளவர்கள், சிறுநீரகத் திறன் 60க்குக் கீழே போனவர்கள் ஆகியோருக்குச் சத்திரசிகிச்சையே பரிந்துரை. எஞ்சியவர்களைக் காலக்கிரமமாகப் பரிசோதித்துக் கவனித்துக்கொண்டிருக்கலாம். கட்டி எங்கே இருக்கிறது என்பதை அல்ட்ராசவுண்ட், செஸ்டமிபி ஸ்கான்கள் காட்டும். நோய் இருக்கிறதா என்பதைக் காட்டுவது குருதிதான். ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று வீட்டுக்குப் போகக்கூடாது.

காத்திருக்கும் நாட்களில் முதல் மருந்து தண்ணீர். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசி வியர்த்துக் கொட்டும்போது உடல் வற்றினால், கல்சியம் சட்டென்று ஏறும். 14ஐத் தாண்டினால் வாந்தி, குழப்பம், மயக்கம் என்று உயிராபத்தில் முடியலாம். அப்போது வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. நாளத்தின் வழியே சேலைன் ஏற்ற வேண்டும். இதையெல்லாம் விளக்கிய வைத்தியர், பெரியம்மா தயிரை விட்டது பற்றிக் கேட்டதும் தலையசைத்தார். உணவில் கல்சியத்தைக் குறைத்தால் சுரப்பி இன்னும் தூண்டப்பட்டு எலும்பிலிருந்து இன்னும் இழுக்கும். சிறுநீரகக் கல்லாக உறையும் ஒக்சலேற்று என்ற உப்பைக் குடலிலேயே பிடித்துவைக்கக் கல்சியம் இல்லாமற்போவதால் கல்லுக்கும் வழி திறக்கும். “தயிர் தின்னுங்க அம்மா, குளிசைதான் நான் சொல்லாமப் போடப்படாது” என்றார்.

சத்திரசிகிச்சை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்தது. எடுத்த கட்டி ஒரு புளியங்கொட்டையளவு. மறுநாள் விடியற்காலையில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது என்று சொன்னார். பார்த்தபோது கல்சியம் 7.9. பலகாலம் சுரண்டப்பட்ட எலும்பு, தடை நீங்கியதும் குருதியிலிருந்து கல்சியத்தை வாரி விழுங்குவதும், மற்றச் சுரப்பிகள் உறக்கத்திலிருந்து எழ நாளெடுப்பதும் இதற்குக் காரணம். சில கிழமைகள் கல்சியக் குளிசையும் விற்றமின் டியும் எடுத்த பின் 9.3இல் நிலைத்தது. ஆறு மாதம் கடந்தும் கல்சியம் எல்லைக்குள் நின்றால்தான் நோய் தீர்ந்தது என்று ஏடுகளில் எழுதுவார்கள். அந்தப் பரிசோதனை வரும் தைப்பொங்கல் கழித்து. முள்ளந்தண்டிலும் இடுப்பிலும் அடர்த்தி முதல் ஓரிரு ஆண்டுகளில் ஏறும் என்றும், முன்கை மெதுவாகத்தான் தேறும் என்றும் சொல்லியிருப்பதால், கிணற்றடிக்குப் போகும் வாசற்படியில் மாமா கைபிடிக்கக் கம்பியொன்று பொருத்தியிருக்கிறார்.